கோரப்படாத பொருள்

ஏற்காட்டிலிருந்து இறங்கிய கடைசி வண்டி.
பின்சீட்டில் துண்டு போர்த்திய கூண்டு.
டிப்போ பதிவேட்டில் நானே எழுதினேன்:
கூண்டு ஒன்று.
கிளி ஒன்று, மஞ்சள், நாட்டுக்கிளி அல்ல.
சூரியகாந்தி விதை, ஜாம் பாட்டிலில், முக்கால்.
லக்கேஜ் டிக்கெட் கிழித்ததாக
என் பையில் கணக்கு இல்லை.

யாரும் கேட்டு வரவில்லை.
கன்னங்குறிச்சியில் என் ஒற்றை அறையில்
லக்கேஜ் என்று கூப்பிட்டால்
இப்போது திரும்பிப் பார்க்கிறது.
விடிகாலை நாலரைக்கு முன்பே
இரண்டு விசில் அடித்து
என் கட்டிலை எடுக்கச் சொல்கிறது.

விதை தவிர வேறு தொடாது.
உரித்த தோலைத் தலையணை வரை துப்பும்.
வைகாசியில் அலகு கோணலாக நீண்டது,
மார்பு இறகு சாயம்போன சட்டை மாதிரி.
டாக்டர் தில்ஷாத் அதன் வயிற்றை
ஒற்றை விரலால் தடவிப் பார்த்தார்.
"ஈரல் கொழுத்திருக்கு.
தினம் எண்ணெய்ப் பலகாரமே தின்னா
இப்படித்தான்."
என்னைப் பார்த்துச் சொன்னாரோ என்று
சட்டைப்பை மிக்சர் பொட்டலத்தை
இன்னும் உள்ளே தள்ளினேன்.

சீட்டில் கொய்யா இருந்தது, பப்பாளி இருந்தது,
மாதுளை, சிவப்புக் குடைமிளகாய், முருங்கைக்கீரை,
மாம்பழம் என்றால் ஒரு கீற்று,
ஆப்பிள் என்றால் விதை நீக்கி.
கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு:
பட்டர் ஃப்ரூட் கூடவே கூடாது, விஷம்.

பப்பாளி வைத்தேன். மிதித்தது.
மாதுளை முத்துகளைச் சுவரில் எறிந்தது.
வெள்ளையடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.
போனில் டாக்டர் சிரித்தார்:
"கூட்டமா தின்னு பழகின சாதி சார்.
எதிர்ல உட்கார்ந்து நீங்க தின்னுங்க."

சேலம் குண்டு மணக்கும் மாதம்.
பெரியாஸ்பத்திரியில் எனக்கு எழுதிய சீட்டு
இருநூற்று நாற்பது என்கிறது,
மாம்பழம் முகர்ந்தாலே ஏறும் என்கிறது.
அதனால் நடித்தேன்.
வெறும் ஸ்பூனை வாயில் வைத்து
ஆஹா என்று மென்றேன்.
லக்கேஜ் என் தொண்டையையே பார்த்தது.
டிக்கெட் எடுக்காதவன் முகத்தை
இருபத்தாறு வருஷமாகப் படிக்கிறவன் நான்.
அதே பார்வை.

கொய்யா இரண்டு பேருக்கும் ஆகும் என்று
அந்த இரண்டு சீட்டையும்
பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.
பழைய பஸ் ஸ்டாண்டில் காயாகவே வாங்கினேன்.
முதல் ஷிஃப்டுக்கு முன்னால், நின்றபடி டீ குடிக்கிற நேரத்தில்,
தரையில் சம்மணம் போட்டு
ஒரு கடி.
பல்லிடுக்கில் கொட்டை.
இன்னொரு கடி.
அது கம்பியில் பக்கவாட்டாக நகர்ந்து வந்தது,
கூட்ட நெரிசலில் ஜன்னல் சீட்டுக்கு நகர்கிற மாதிரி,
அக்கறையில்லாத முகத்தோடு.
எனக்கு என்று வெட்டியதை எட்டிப் பிடுங்கியது.
அதற்கென்று வெட்டியது தட்டிலேயே கிடந்தது.
சரி, அதை நான் தின்றேன்.

மேலே ஏரிக்கரைப் பழக்கடை சடையம்மா
வாரம் ஒரு முறை கூடையோடு ஏறுவாள்.
இந்த வாரம் என் மடியில்
கரும்பச்சையாக இரண்டு பட்டர் ஃப்ரூட்.
கிளிக்கு ஆகாதும்மா என்று திருப்பிக் கொடுத்தேன்.
"கிளிக்கு யாரு குடுத்தா?"
என்று சேலை முந்தானையை உதறி
இறங்கிப் போய்விட்டாள்.

பதினெட்டாவது வளைவில் மேலேறும் லாரிக்காக
வண்டி நின்றது.
படிக்கட்டில் உட்கார்ந்து
டிக்கெட் மிஷினின் மூலையால் பிளந்து
விரலால் வழித்துத் தின்றேன்.
வெண்ணெய் மாதிரி என்பார்கள்.
வெண்ணெய் மாதிரி இல்லை.
டிரைவர் பழனியப்பன் கண்ணாடியில் பார்த்து
எனக்கு எங்கே என்றான்.
ஒன்றை நீட்டினேன்.

இரவு டிப்போ குழாயடியில்
சோப்பு போட்டுக் கை கழுவினேன்.
நகக்கண்ணில் பச்சை இன்னும் இருந்தது.
மறுபடி கழுவினேன்.
வீட்டில் ஒருத்தர்
என் விரலை முதலில் கடித்துப் பார்த்துத்தான்
உள்ளே விடுவார்.